கோடு கிழிக்கும் முன்

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான அன்று பிற்பகல், கோவளத்திலிருந்து என் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். சற்று நேரம் அழுகை மட்டுமே கேட்டது. பிறகுதான் செய்தி வந்தது. அவள் மகள் நான்கு பாடங்களில் தேறிவிட்டாள். கணிதத்தில் மட்டும் 29. தேறுவதற்கு வேண்டியது 35.

பெண்ணின் தகப்பனார் கோவளம் தர்கா அருகில் பூ, சர்க்கரை, ஊதுபத்தி விற்கும் சிறு கடை வைத்திருப்பவர். கெட்ட மனிதர் அல்லர். ஆனால் மூன்று பிள்ளைகளை அந்தக் கடையை நம்பி வளர்ப்பவர். “ஜூன் மாதத் துணைத் தேர்வில் தேறினால் பதினொன்றில் சேர்க்கிறேன், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அவர் ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்ல வைக்க எவராலும் இயலாது.

நான் ஆசிரியன் அல்லன். செங்கல்பட்டில் அரிசி மண்டி ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்ந்தவன். பதினோராம் வகுப்பின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய அந்தக் காலத்தில், 1972இல், கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. எனினும் தங்கை இப்போது இல்லை. அவள் பேத்திக்கு நான் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது? வாரம் இரண்டு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேறு பேருந்தில் ஏறிக் கோவளம் போக வேண்டும். அறுபத்தெட்டு வயதில் இந்தப் பயணம் உடம்புக்கு இதமானதன்று. ஆனால் மாமல்லபுரத்தில் பேருந்துக்காக நிற்கும் நேரம் எனக்குப் பிடிக்கும். அந்த ஊர்ப் பாறைகள் சிலவற்றில் வரிசையாகச் சிறு குழிகள் வெட்டியிருப்பதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். கல்லைப் பிளப்பதற்காக ஆப்பு அடிக்கும் குழிகள் அவை. குழி வரிசை எந்தக் கோட்டில் போகிறதோ அந்தக் கோட்டில்தான் பாறை பிளக்கும். கண்ட இடத்தில் சம்மட்டி போட்டால் கல் நொறுங்கும்.

முதல் நாள் அந்தப் பெண்ணிடம், தேர்வில் எந்தக் கணக்கைத் தவறவிட்டாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். எல்லாமே சரியாகப் போட்டதாகத்தான் அவள் எண்ணியிருந்தாள். பாடநூலின் மூன்றாம் இயலைத் திறந்து, விகிதமுறு கோவைகள் என்னும் பகுதியில் உள்ளவற்றைப் போன்ற கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். நூலில் எக்ஸ் என்னும் எழுத்து இருக்கும்; இங்கே அதற்குப் பதிலாக ‘ய’ என்று எழுதுகிறேன்.

(ய² − 9) / (ய² + 5ய + 6) என்பதைச் சுருக்குக.

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. மேலே ஒரு ய², கீழே ஒரு ய²; இரண்டின் மீதும் கோடு கிழித்தாள். மேலே 9, கீழே 6. இரண்டும் மூன்றால் வகுபடும் என்று அவற்றையும் அடித்து, மேலே 3, கீழே 2 என்று எழுதினாள். விடை: −3 / (5ய + 2). சுத்தமான கையெழுத்து. கோடுகள்கூட அளவுகோல் வைத்துக் கிழித்தவைபோல் நேராக இருந்தன.

“ய என்பது 1 என்று வைத்துக்கொண்டு இரண்டையும் போட்டுப் பார்” என்றேன். கேள்வியில் மேலே 1 − 9, அதாவது −8. கீழே 1 + 5 + 6, அதாவது 12. சுருக்கினால் −2/3. அவள் விடையிலோ −3/7. நெடுநேரம் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “மேலேயும் இருக்கு, கீழேயும் இருக்கு; அடிச்சா என்ன தப்பு நன்னா?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். பள்ளியில் “கூட்டலில் வருவதை அடிக்கக் கூடாது, பெருக்கலில் வருவதைத்தான் அடிக்கலாம்” என்று சொல்லியிருப்பார்கள். அவளும் அதை மனப்பாடம் செய்திருப்பாள். ஏன் என்று தெரியாத விதி தேர்வு மண்டபத்தின் படியேறும்போதே நழுவிப்போகும். போதாக்குறைக்குத் தவறான வழி சில நேரம் சரியான விடைக்குக் கொண்டுபோய் விடும். 16/64 என்பதில் இரண்டு ஆறுகளையும் அடித்தால் 1/4 வருகிறது. அது சரியான விடையே! 19/95 என்பதில் ஒன்பதுகளை அடித்தால் 1/5, அதுவும் சரி. தற்செயலாக அமைந்த இத்தகைய பொருத்தங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடுகின்றன. பெரியவர்களையும்தான்.

அன்று மாலை அவள் தகப்பனார் கடையில் அமர்ந்திருந்தபோது எனக்கு வழி கிடைத்தது. அங்கே பூவும் சர்க்கரையும் ஊதுபத்தியும் வைத்த தட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். “ஒருவர் ஐந்து தட்டு வாங்குகிறார், மற்றவர் மூன்று தட்டு வாங்குகிறார். முதலாமவர் செலவு இரண்டாமவர் செலவைப் போல எத்தனை மடங்கு?” என்று கேட்டேன்.

“5/3” என்றாள்.

“தட்டு என்ன விலை என்று நான் சொல்லவில்லையே?”

“எதுவா இருந்தா என்ன நன்னா? ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுதானே.”

“சரி. இப்போது இருவரும் ஆளுக்கு ஒரு தட்டு வாங்குகிறார்கள். அதோடு முதலாமவர் ஐந்து ரூபாய்க்குக் கற்கண்டு வாங்குகிறார், மற்றவர் மூன்று ரூபாய்க்கு வாங்குகிறார். இருவரிடமும் ஒரு தட்டு இருக்கிறதே, அதை அடித்துவிட்டு 5/3 என்று சொல்லலாமா?”

தட்டு நாற்பது ரூபாய். நாற்பத்தைந்துக்கும் நாற்பத்து மூன்றுக்கும் உள்ள விகிதம் எங்கே, ஐந்துக்கும் மூன்றுக்கும் உள்ள விகிதம் எங்கே! அவள் சிரித்துவிட்டாள். தேர்வு முடிவு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முதற்கணக்கில் தட்டு ஒரு காரணி. முழுச் செலவும் தட்டுகளாலேயே ஆனது. ஆகவே தட்டை இருபுறமும் நீக்கினால் விகிதம் மாறுவதில்லை. இரண்டாவதில் தட்டு ஓர் உறுப்பு மட்டுமே; பக்கத்தில் கற்கண்டு அதனோடு சேர்ந்து நிற்கிறது. சேர்ந்து நிற்கும் ஒன்றைத் தனியே பிடுங்கினால் மற்றதன் அளவும் கெடும். இதற்கு மேல் அந்தப் பாடத்தில் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. கூட்டலாகவும் கழித்தலாகவும் இருக்கும் கோவையைப் பெருக்கலாக மாற்றி எழுத வேண்டும், அதுவே காரணிப்படுத்துதல். ய² − 9 என்பது (ய + 3)(ய − 3). கீழே உள்ள ய² + 5ய + 6 என்பதில், பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும், 2, 3. எனவே அது (ய + 2)(ய + 3). இப்போதுதான் மேலும் கீழும் ஒரே தட்டு கண்ணுக்குத் தெரிகிறது: (ய + 3). அதை அடித்தால் எஞ்சுவது (ய − 3) / (ய + 2). ய என்பதற்கு 1 போட்டால் −2/3. சரியாகிவிட்டது.

அடுத்தடுத்த வாரங்களில் பாடம் விரைந்தது. (ய − 3), (3 − ய) இரண்டும் வேறு வேறு போலத் தோன்றும். ஒன்றில் கழித்தல் குறியை வெளியே எடுத்தால் இரண்டும் ஒன்றே, ஒன்றை மற்றதால் வகுத்தால் −1. இந்த இடத்தில் நிறையப் பேர் மதிப்பெண் இழக்கிறார்கள் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். வகுத்தல் வந்தால் இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குவது, கூட்டல் வந்தால் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் காண்பது எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தவையே. எங்கே எதை அடிப்பது என்ற ஓரிடத்தில்தான் அத்தனையும் சரிந்திருந்தன. 29க்கும் 35க்கும் இடையே உள்ள ஆறு மதிப்பெண், ஓர் ஐந்து மதிப்பெண் வினாவும் ஓர் ஒரு மதிப்பெண் வினாவும்தான்.

மூன்றாம் வாரத்தில் அவளே ஒரு கேள்வி கேட்டாள். “நன்னா, தட்டைச் சும்மா குடுத்தா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. தட்டின் விலை சுழி என்றால், ஐந்து தட்டுக்கும் சுழி, மூன்று தட்டுக்கும் சுழி. அப்போதும் 5/3 மடங்கு என்று சொல்லலாமா என்பது அவள் ஐயம். நான் வியந்து போனேன். பாடநூலில் ‘விலக்கப்பட்ட மதிப்பு’ என்று ஒன்று வருகிறது. அதைத்தான் அவள் தன் கடைவழியாகவே வந்தடைந்திருந்தாள். நம் கணக்கில் ய என்பது −3 ஆனால், சுருக்கிய விடையில் −6ஐ −1ஆல் வகுத்து 6 என்று ஒழுங்காக ஒரு விடை வரும். ஆனால் முதலில் கொடுத்த கோவையில் மேலேயும் சுழி, கீழேயும் சுழி. அதற்குப் பொருளே இல்லை. ஆகவே சுருக்கிய பிறகும், ய என்பது −2 ஆகவும் கூடாது, −3 ஆகவும் கூடாது என்று எழுத வேண்டும். (ய + 3) தாளிலிருந்து போய்விட்டது. ஆனால் அது இட்ட தடை போகவில்லை. நான் பள்ளியில் படித்தபோது இதைப் பொருட்படுத்தியதாக நினைவில்லை. சுருங்கிவிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

அன்று மக்ரிப் தொழுகைக்குப் பின் அவளுக்குக் கொஞ்சம் பழங்கதை சொன்னேன். அரபியில் பின்னத்துக்குக் ‘கஸ்ர்’ என்று பெயர். முறிவு என்பது அதன் பொருள். ‘ஜப்ர்’ என்றால் முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது போன்ற சீரமைப்பு. கலீஃபா மாமூன் ஆட்சிசெய்த 813 முதல் 833 வரையான ஆண்டுகளில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, ஜப்ர் என்னும் சொல்லைத் தலைப்பில் கொண்ட நூலை எழுதினார். 1145இல் ராபர்ட் என்னும் ஆங்கிலேயர் ஸ்பெயினில் அதை இலத்தீனில் பெயர்த்தார். அல்ஜீப்ரா என்று உலகம் வழங்கும் பெயர் அங்கிருந்து வந்தது. அவர் நூலில் எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை. தெரியாத அளவை ‘பொருள்’ என்று சொல்லாலேயே குறித்தார். கோவையைக் கோவையால் வகுக்கும் முறைகள் அல்கரஜீ, அஸ்ஸமவ்அல் முதலிய பிற்காலத்தவர் கையில் வளர்ந்தன. மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் நடுவே நாம் போடும் படுக்கைக் கோட்டையும் 12ஆம் நூற்றாண்டில் மக்ரிப் நாட்டவரான அல்ஹஸ்ஸார் தம் நூலில் போட்டிருக்கிறார்.

அல்குவாரிஸ்மியின் நூலில் ஒரு பெரும்பகுதி பாகப்பிரிவினைக் கணக்கு என்றதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆதலால் ஃபராயிள் நூல்களில் புகழ்பெற்ற ஒரு கணக்கைப் போடச் சொன்னேன். மனைவிக்கு 1/8, இரண்டு பெண்மக்களுக்குச் சேர்த்து 2/3, தந்தைக்கு 1/6, தாய்க்கு 1/6. கூட்டினாள்: 27/24. ஒன்றுக்கு மேல் போகிறதே என்றாள். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என்று விடை கூறியதாக அந்நூல்கள் சொல்லும். அதாவது 24 என்னும் பகுதியை 27 ஆக்கிவிட வேண்டும். 3/27 என்பது 1/9. எல்லார் பங்கும் சிறிது குறையும்; ஒருவர் பெயரும் அடிபடாது.

அவள் ஆர்வத்தைக் கண்டு இன்னொன்று கொடுத்தேன். இறந்தவருக்கு மனைவி, இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில். ஏன் அந்தக் கணக்கைக் கொடுத்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நாக்கில் வந்துவிட்டது. அவள் நாற்பதைப் பகுதியாக வைத்து அழகாகப் பிரித்தாள்: தாய்க்கு 5, மகன்களுக்குப் பதினான்கு பதினான்கு, மகளுக்கு 7.

“இது யார் வீட்டுக் கணக்கு நன்னா?” என்றாள்.

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் பொய் சொல்லியிருக்கலாம்.

1984இல் என் அத்தா இறந்தபோது இதே கணக்கை இதே நாற்பதில் போட்டவன் நான். செங்கல்பட்டில் இருந்த ஒரு வீடுதான் சொத்து. அம்மா, அண்ணன், நான், தங்கை. தாளை அண்ணனிடம் காட்டினேன். “தங்கைக்குத்தான் கலியாணத்தில் நகை போட்டாகிவிட்டதே, அவளை எடுத்துவிட்டுப் போடு” என்றார். நகை வேறு, பாகம் வேறு என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் ஒரு கோடு கிழித்தேன். நாற்பது என்ற பகுதி பதினாறாகிவிட்டது: அம்மாவுக்கு 2, எங்களுக்கு ஏழு ஏழு. கணக்கு முன்னதைவிடச் சுருக்கமாக இருந்தது என்று அன்று ஒரு திருப்தி எனக்கு உண்டானதை மறைக்க விரும்பவில்லை. தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டாள். ஒரு சொல் பேசவில்லை. அம்மா மட்டும் தம் எட்டில் ஒன்றை உடனே பணமாகத் தரச் சொல்லி வாங்கி, முழுவதையும் தங்கையிடம் கொடுத்துவிட்டார். அதன் பொருளை அன்று நான் யோசிக்கவில்லை. அண்ணன் பங்கை 1991இல் விலைக்கு வாங்கினேன். தங்கை 2011இல் காலமானாள். ஒவ்வொரு பெருநாளும் அந்த வீட்டுக்கு வந்துபோனாள். ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசியதில்லை.

“உன் நன்னியின் வீட்டுக் கணக்கு” என்றேன்.

“அந்த ஏழு நன்னிக்கா? குடுத்தாங்களா?”

“இல்லை.”

அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சிறிது நேரத்துக்குப் பின், அடுத்த கணக்கைப் போடட்டுமா என்றாள். போடு என்றேன். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அன்று சீக்கிரமே எழுந்துவிட்டேன். உண்மையில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஜூன் மாத இறுதியில் தேர்வு எழுதினாள். தேர்வன்று நான் போகவில்லை. மாலையில் தொலைபேசியில், “கோடு கடைசியிலதான் கிழிச்சேன் நன்னா” என்றாள். 58 வாங்கினாள். தகப்பனார் சொன்ன சொல் மாறாமல் அந்த ஆண்டே பதினொன்றில் வணிகப் பிரிவில் சேர்த்தார். சேர்க்கைக்குப் போனபோது கடையை அரைநாள் மூடினாராம்.

பதினாறில் ஏழு என்பது எண்பதில் முப்பத்தைந்து. நாற்பதில் பதினான்கு என்பது எண்பதில் இருபத்தெட்டு. தங்கையை அடித்ததால் எனக்கு மிகுதியாக வந்தது 7/80. நம் பாட்டன்மார் எண்பதில் ஒன்றைக் காணி என்றார்கள், ஏழு காணி. அண்ணனுக்கும் அதே அளவு போயிற்று. அது பற்றி அவர் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினேன், விடை வரவில்லை. என் பங்குக்கு உரியதைத் தங்கையின் வாரிசுகள் பெயருக்கு எழுதிவைப்பதென்று முடிவு செய்து, ஆலிம் ஒருவரிடம் கலந்துகொண்டு, பத்திரம் எழுதுபவரிடம் போனேன். நிலுவையில் இருந்த ஆண்டுகளுக்கு என்ன கணக்கு என்று ஆலிம் கேட்டார். அதற்கு என்னிடம் எண் இல்லை.

பத்திரம் எழுதுபவர் நெடுநாள் பழக்கமானவர். பிரிபடாத பாகம் 7/80 என்று நான் எழுதிக்கொடுத்ததைப் பார்த்து, “என்ன பாய் இது, எண்பதில் ஏழு என்றால் பதிவு அலுவலகத்தில் முகத்தைச் சுளிப்பார்கள், பன்னிரண்டில் ஒன்று என்று போட்டுவிடலாமா? ஏறத்தாழ அதேதானே? இல்லையென்றால் இதையாவது இன்னும் சுருக்க முடியாதா?” என்று கேட்டார்.

ஏழுக்கும் எண்பதுக்கும் பொதுக் காரணி இல்லை. அப்படியே எழுதச் சொன்னேன்.